மாடிக்கு ஏறிய மின்சாரம்

என் கணவருக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வேலூரில் மருத்துவர் எழுதிக் கொடுத்த அன்று, பேருந்தில் ஆம்பூர் திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அந்தச் சீட்டையே மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் அவர்தான் கேட்டார்.

"கரன்ட் போனா இன்னா பண்றது?"

எனக்கும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு ஊரின் விளிம்பில் இருக்கிறது. காற்று பலமாக அடித்தாலே கரன்ட் போய்விடும். வெயில் காலத்தில் பராமரிப்பு வேலை என்று காலையில் நிறுத்தினால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

அவர் ஷூ கம்பெனியில் தோல் ஃபினிஷிங் பிரிவில் சூப்பர்வைசராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். விடாமல் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது நுரையீரலில் தழும்புகளை விட்டுப் போயிற்று. பத்துப் படி ஏறினால் உதடு நீலம் பாய்ந்துவிடும். ஒரு நாளில் பதினைந்து மணி நேரமாவது ஆக்சிஜன் வேண்டும் என்றார் மருத்துவர். நாங்கள் வாங்கிய மிஷின் ஒரு பெரிய சூட்கேஸ் அளவு இருக்கும். அறைக் காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். ஓடும் நேரமெல்லாம் அதற்கு முந்நூற்றைம்பது வாட் தேவை.

கீழ்த்தளத்தில் தூசி அதிகம். காற்றோட்டமும் கிடையாது. அதனால் அவரை மாடி அறைக்கு மாற்றினோம். ஒருமுறை மெல்ல ஏறி வந்தவர் பிறகு மருத்துவமனைக்குப் போக மட்டுமே இறங்கினார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு என்பதால் இன்சுலின் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜையும் மாடிக்கே கொண்டுவந்தோம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாக மின்னோட்டவியல் நடத்தி வருகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்தவற்றில் பாதிக்கு அதுதான் காரணம்.

வீட்டுக்கு சோலார் போட யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தபோது என்னிடம் பிளஸ் டூ படித்த ஒருவன் நினைவுக்கு வந்தான். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தோல் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து, இப்போது சொந்தமாக சோலார் வேலை எடுத்துச் செய்கிறான். முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள். ஆனாலும் என் எதிரில் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பான்.

அவன் வந்து மொட்டை மாடியைப் பார்த்தான். மிஷினின் முதுகில் ஒட்டியிருந்த வாட் கணக்கைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"டீச்சர், இத இருபத்து நாலு வோல்ட்ல போட்டுக்கலாம். ரெண்டு பேட்டரி வாங்கி சீரியஸ்ல, ஒண்ணோட ஒண்ணு தொடரா கட்டிடுவேன். இன்வெர்ட்டர் மட்டும் வேற மாத்தணும்."

எங்களிடம் ஏற்கெனவே ஓர் இன்வெர்ட்டர் இருந்தது. சோலார் தகடுகளையும் இணைத்துக்கொள்ளக்கூடிய வகை. பன்னிரண்டு வோல்ட். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை.

"இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு? ரெண்டு பேட்டரியையும் பக்க இணைப்புல, பேரலல்ல கட்டு."

"கட்டலாம் டீச்சர். அப்போ பேட்டரிய இன்வெர்ட்டர் பக்கத்துலயே வைக்கணும்."

அதற்கும் நான் ஒப்பவில்லை. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு வரும், அமில வாடை வரும். நுரையீரல் கெட்ட மனிதர் படுத்திருக்கும் அறையில் அதை எப்படி வைப்பது? பேட்டரிகள் கீழே, பின்பக்கப் படிக்கட்டின் அடியில் இருக்கட்டும் என்றேன். அப்படியானால் இன்வெர்ட்டரையும் கீழே வைத்துவிடலாமே என்றான். அதுவும் சரிப்படாது என்றேன். நான் பள்ளிக்குப் போனபின் பகல் முழுவதும் இவர் தனியாக இருப்பார். கையெட்டும் தூரத்தில் அது இருந்தால்தான் விளக்கைப் பார்க்கவும் சுவிட்சைத் தட்டவும் முடியும்.

"தூரம் ஜாஸ்தி டீச்சர்" என்றான். "பன்னெண்டு மீட்டர் வரும். பன்னெண்டு வோல்ட்டுக்கு அது..."

நான் நாட்காட்டியில் கிழித்த தாளை எடுத்து அதன் பின்புறம் எழுதிக் காட்டினேன். பக்க இணைப்பில் பன்னிரண்டு வோல்ட், முந்நூறு ஆம்பியர் மணி. தொடர் இணைப்பில் இருபத்து நாலு வோல்ட், நூற்றைம்பது ஆம்பியர் மணி. பெருக்கினால் இரண்டுக்கும் மூவாயிரத்து அறுநூறு.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஒண்ணுதான் டீச்சர். ஆனா ஆம்பியர் ஜாஸ்தி ஓடும்."

"தடிமனான வொயரா போட்டுடு."

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். தன்னிடம் இருந்ததிலேயே தடிமனான வொயரைக் கொண்டுவந்து, பின்சுவரில் குழாய் பதித்து, மாடிக்கு ஏற்றினான். மொட்டை மாடியில் இரண்டு தகடுகள். சாயங்காலம் மெயினை அணைத்துச் சோதித்தோம். ஆக்சிஜன் மிஷின் ஒரு நொடி முனகிவிட்டுத் தொடர்ந்து ஓடியது. என் கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஃப்ரிட்ஜை அன்று சோதிக்கத் தோன்றவில்லை.

முதல் முறை அது கைவிட்டது ஏப்ரல் மாதத்தில். காலை பதினொன்றரை மணி இருக்கும். நான் வகுப்பில் இருந்தேன். கைப்பேசியில் அவர் எண் வந்தது. எடுத்தேன். பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால் மிஷினின் அபாய ஒலி நீளமாகக் கேட்டது. பையைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பினேன். நடுவழியில் மறுபடி அழைப்பு. இந்த முறை எதிர்வீட்டு அம்மா பேசினார்.

"டீச்சரம்மா, பேஜார் ஆவாதீங்க. மெதுவா வாங்க. நான் மேல வந்து சிலிண்டர தொறந்துட்டேன். இப்ப மூச்சு வாங்குறது கம்மி ஆயிட்ச்சி."

அவசரத்துக்கென்று மூலையில் ஒரு சிறிய சிலிண்டர் வைத்திருந்தோம். அதை எப்படித் திறப்பது என்று அந்த அம்மாவுக்கும் ஒருமுறை காட்டியிருந்தேன். மிஷினின் சத்தம் சன்னல் வழியாகக் கேட்டதும் ஓடிவந்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கரன்ட் போய் இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. இன்வெர்ட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலையே அவன் வந்தான். படிக்கட்டின் அடியில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மூடியாகத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்தான். மீட்டர் வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு புள்ளி ஏழு.

"பேட்டரி ஃபுல்லா இருக்கு டீச்சர்."

"ஃபுல்லா இருந்தா அது ஏன் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுது?"

அவன் சுவரில் ஏறும் வொயரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தத் தூரம்தான் டீச்சர் எனக்கு..." என்று ஆரம்பித்தான். பயந்துபோயிருந்த எனக்குப் பொறுமையில்லை. "இன்னொரு பேட்டரி சேர்த்துடு" என்றேன். மறுநாளே மூன்றாவதையும் பக்க இணைப்பில் சேர்த்தான்.

அந்த வாரத்தில் என் கணவர் என்னிடம் ஒரு விஷயத்தை மூன்று முறை சொன்னார். "அது எப்ப கத்துது தெரியுமா? ஃப்ரிட்ஜ் மோட்டார் போடும்போதுதான். டுக்குனு ஒரு சத்தம் வரும். உடனே இது கத்தும்." நான் ஒவ்வொரு முறையும், "சரி, பேசாதீங்க, மூச்சு வாங்கும்" என்றேன். பேச வேண்டாம் என்று அக்கறையோடுதான் சொன்னேன். அந்த அக்கறையால் அவர் சொன்னது என் காதிலேயே ஏறவில்லை.

மே மாதம், ஒரு சனிக்கிழமை. நான் வீட்டில்தான் இருந்தேன். காலையில் கரன்ட் போயிற்று. மூன்று பேட்டரியும் நிறைந்திருந்தன, மொட்டை மாடியில் வெயில் கொளுத்தியது. அப்படியும் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை நின்றது. ஒவ்வொரு முறையும் நான் சிலிண்டரைத் திறந்து, இன்வெர்ட்டரை அணைத்துப் போட்டு, மிஷின் மறுபடி மூச்செடுக்கக் காத்திருந்தேன். அவனைக் கூப்பிட்டேன். வேறு இடத்தில் வேலையாக இருந்தவன் அதை விட்டுவிட்டு வந்தான். எதிர்வீட்டு அம்மாவும் அப்போது மாடியில் இருந்தார்.

நான் கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னேன். "அன்னிக்கு கிளாஸ்லயும் நீ கவனிக்கல. இன்னிக்கும் கவனிக்கல. ஒரு மனுஷனோட உயிர் இது."

அவன் முகம் கறுத்துவிட்டது. திருப்புளியையும் மீட்டரையும் பைக்குள் வைத்தான். "ஃப்ரிட்ஜ இன்வெர்ட்டர்ல இருந்து எடுத்து மெயின்ல போட்டுட்டேன் டீச்சர். கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும். வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் இருவரும் போனபிறகு என் கணவர் மேசையைக் காட்டிச் சொன்னார். "டீ போட்டு வச்சிருந்தியே. குடிக்காம போய்ட்டான் பாரு."

அந்தத் தேநீரைக் கொண்டுபோய்க் கொட்டும்போதுதான் நான் சொன்னது எப்படிப்பட்ட வார்த்தை என்று எனக்கு உறைத்தது. ஆனாலும் தவறு அவனுடையதுதான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எண்களால் நிறுவிவிட வேண்டும் என்பதற்காகத்தான் பள்ளி ஆய்வகத்திலிருந்து இரண்டு மல்டிமீட்டர்களை வாங்கி வந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு நான் ஆலயத்துக்குப் போகவில்லை. சிலிண்டரைப் பக்கத்தில் தயாராக வைத்துவிட்டு, மெயினையும் சோலார் இணைப்பையும் அணைத்தேன். ஒரு மீட்டரின் முனைகளை இன்வெர்ட்டரின் பேட்டரி இணைப்பில் பொருத்தி, எண்கள் தெரியும்படி அவர் மடிக்கருகில் வைத்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு கீழே போனேன். கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் படிக்கட்டின் அடியில் வைத்தேன்.

அவர் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரங்களின் அளவுமானிகளைத் தினம் பார்த்துக் குறித்தவர். குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது.

"எல்லாம் ஆஃப்ல இருக்கு. பன்னெண்டு புள்ளி ஆறு. உனக்கு எவ்ளோ?"

"எனக்கும் அதேதான்."

"மிஷின் போட்றேன். ஃபேனும் போட்றேன்." கொஞ்சம் இடைவெளி. "பதினொண்ணு புள்ளி ஒண்ணு."

நான் என் மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி நான்கு. தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று மறுபடி கேட்டேன்.

"பதினொண்ணு புள்ளி ஒண்ணுமா. கண்ணாடி போட்டுக்கினுதான் பார்க்கிறேன்."

கீழே பன்னிரண்டு புள்ளி நான்கு, மேலே பதினொன்று புள்ளி ஒன்று. நடுவில் இருப்பது வொயர் மட்டும்தான். ஒன்றேகால் வோல்ட்டுக்கும் அதிகமாக மாடிக்கு ஏறும் வழியிலேயே காணாமல் போகிறது.

"இரு, ஃப்ரிட்ஜையும் மாட்டுறேன்" என்றார். அவன் மாற்றி மாட்டியிருந்த பிளக்கை அவரே எட்டி இன்வெர்ட்டர் லைனில் சொருகியிருக்க வேண்டும். டுக்கென்ற சத்தம் கைப்பேசியில் எனக்குக் கேட்டது. "பத்து... ஒன்பது சொச்சம்..." என்றார். உடனே அபாய ஒலி. கீழே என் கையிலிருந்த மீட்டர் ஒரு கணம் இறங்கிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மறுபடி பன்னிரண்டரைக்கு ஏறி நின்றது. பேட்டரியில் குறை எதுவும் இல்லை. பத்தரை வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி நின்றுகொள்வது அந்த இன்வெர்ட்டரின் வழக்கம். அது தனக்கு வந்து சேர்ந்ததைத்தானே பார்க்கும்?

மேலே ஓடிப்போய் அவருக்குச் சிலிண்டரைத் திறந்துவிட்டு மெயினைப் போட்டேன். மிஷின் பழையபடி ஓட ஆரம்பித்ததும் மறுபடி கீழே வந்து சுவரோரம் நின்று வொயரைக் கையால் பிடித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம்தான் பேட்டரியில் ஓடியிருந்தது. அதற்கே கதகதப்பாக இருந்தது. பேட்டரி முனையில் திருகியிருந்த இடம் சுட்டது. அந்த வொயரைப் பதித்த நாளிலிருந்து நான் ஒருமுறைகூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

அங்கேயே கீழ்ப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மிஷினுக்கும் ஃபேனுக்குமாக நானூற்றுச் சொச்சம் வாட். இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஐந்நூறு வாட்டாவது போக வேண்டும். மேலே வந்து சேரும் பதினொன்று சொச்சம் வோல்ட்டில் அதைக் கொடுக்க நாற்பத்தைந்து ஆம்பியர் ஓட வேண்டும். நாற்பத்தைந்து ஆம்பியரை, வழியில் காணாமல் போகும் ஒன்று புள்ளி மூன்று வோல்ட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட அறுபது வாட். அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரியும் அளவு, என் வீட்டுச் சுவருக்குள் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜ் கிளம்பும் அந்த ஒரு நொடியில் நூறு ஆம்பியர் கேட்கும். அப்போது மூன்று வோல்ட் வழியிலேயே போய்விடும்.

இதே ஐந்நூறு வாட்டை இருபத்து நாலு வோல்ட்டில் அனுப்பியிருந்தால் இருபத்திரண்டு ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியானால் வொயரில் வீணாகும் வெப்பம் நாலில் ஒரு பங்காகிவிடும். அறுபது வாட் பதினைந்தாகும். வழியில் குறைவது முக்கால் வோல்ட்கூட இருக்காது. அதுவும் இருபத்து நாலில் குறைவது. அன்று நாட்காட்டித் தாளில் நான் எழுதிய பெருக்கலில் பிழை இல்லை. இரண்டு வழியிலும் சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் ஒன்றுதான். அதை மாடிக்கு ஏற்ற எவ்வளவு ஆம்பியர் ஓட வேண்டும் என்ற கேள்வியைத்தான் நான் போட்டுப் பார்க்கவே இல்லை. அவன் அதைத்தான் சொல்ல வந்தான். மூன்றாவது பேட்டரியைச் சேர்த்ததால் வொயரில் ஒரு மாற்றமும் வந்திருக்காது. அதைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான்.

மாலையில் எதிர்வீட்டு அம்மா வந்து, "இன்னா ஆச்சு, கண்டுபுட்ச்சீங்களா?" என்று கேட்டார். நான் மின்னழுத்தம், மின்தடை என்று ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினாரே தவிர புரிந்த மாதிரி தெரியவில்லை. என் கணவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"எங்க கம்பெனியில தோலெல்லாம் காய வைக்க மேல்மாடிக்கு ஏத்துவாங்கமா. ஆளுக்கு ஒரு சின்னக் கட்டா குடுத்தா நூறு ஆளு ஏறணும். படிக்கட்டு நெருக்கடி ஆயிடும். சுவத்துல உரசிக்கினு, ஒருத்தன் மேல ஒருத்தன் இடிச்சிக்கினு..." மூச்சுக்காக நிறுத்தினார். "அதே லோட ரெண்டு மடங்கு கட்டா கட்டிக் குடுத்தா அம்பது ஆளு போதும். சும்மா ஏறிடுவாங்க. வோல்ட்டுன்றது கட்டு. ஆம்பியர்ன்றது ஆளு. அவ்ளோதான்."

"படிக்கட்டு வொயரா?" என்றார் அந்த அம்மா.

"ஆமா."

நான் இருபத்திரண்டு வருடமாக நடத்துகிற பாடத்தை இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் கரன்ட் என்ற ஒரே சொல்தான். வந்தால் கரன்ட், போனால் கரன்ட், தொட்டால் அடிப்பதும் கரன்ட். அதற்குள் வோல்ட், ஆம்பியர் என்று இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன என்று பாடப் புத்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் அவனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவன் மனைவியிடம் கேட்டதில், குடியாத்தத்தில் ஒரு விசைத்தறி வீட்டில் தகடு மாட்டும் வேலை என்றாள். விடுமுறை நாட்கள்தான். எதிர்வீட்டு அம்மாவை இவருக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. தெருவில் நுழைந்தபோதே தறிச்சத்தம் கேட்டது. லுங்கி நெய்யும் ஆறு தறிகள் ஒரே கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவன் மொட்டை மாடியிலிருந்து ஏணி வழியாக இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டான்.

"சாருக்கு இன்னா டீச்சர்?"

"சாருக்கு ஒண்ணும் இல்ல. உன்னப் பார்க்கத்தான் வந்தேன்."

அவனுக்குக் காதில் விழவில்லை. கையைக் காதருகில் வைத்துக்கொண்டு குனிந்தான். நான் தாழ்ந்த குரலில் சொல்வதற்காகத் தயார் செய்து வைத்திருந்த சொற்களை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "பேட்டரி மேல தப்பில்ல. வொயர்லதான் போவுது. நீ முதல்லயே சொன்ன." அவன் இன்னும் புரியாமல் பார்த்தான். நான் இன்னும் குரலை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போயிற்று. ஆறு தறிகளும் ஒன்றாக நின்றன. "தப்பு என்னுது" என்று நான் கத்தியது அந்தக் கூடம் முழுவதும் கேட்டது. தறிக்காரர்கள் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் சட்டென்று என்னை வெளியே அழைத்துக்கொண்டு வந்தான். வேப்பமர நிழலில் நின்றோம். நான் மீட்டர் எண்களைச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தான்.

"நானும் அப்பவே மேலயும் கீழயும் அளந்து காட்டியிருக்கணும் டீச்சர். நீங்க கணக்கு போட்டதும் என்னால ஒண்ணும் சொல்ல முடியல. கணக்கு சரியாத்தானே இருந்திச்சி? தப்புன்னு கையில தெரிஞ்சிச்சி, வாயில வரல."

"அன்னிக்கு நான் சொன்ன வார்த்த..."

"விடுங்க டீச்சர்." கைகளில் படிந்த தூசியைத் தட்டினான். பிறகு, "ஆனா கிளாஸ்ல நான் கவனிச்சேன். பவர் ஹவுஸ்ல இருந்து ஊருக்குக் கரன்ட் அனுப்பும்போது ஏன் அவ்ளோ பெரிய வோல்ட்டேஜ்ல அனுப்புறாங்கன்னு நீங்கதான் நடத்தினீங்க. ஆம்பியர் கம்மியாவும், வொயர் சூடாவாதுன்னு. எனக்கு இந்த வேலை மேல ஆசை வந்ததே அதக் கேட்டுதான்" என்றான்.

குறை சொல்லும் தொனி அதில் இல்லை. தகவலாகத்தான் சொன்னான். உயரமான கோபுரங்களையும் மலை தாண்டிப் போகும் கம்பிகளையும் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்தவளுக்கு, அந்தப் பாடம் பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் தன் வீட்டுப் பின்சுவரில் ஏறிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் புது இன்வெர்ட்டரோடு வந்தான். முதலில் வாங்கிய இரண்டு பேட்டரிகளையும் தொடரில் கட்டினான். ஒன்றின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு சேர்க்க ஒரு முழ வொயர் போதுமாக இருந்தது. மூன்றாவதைச் சேர்க்க வேண்டாம் என்றான். வயதில் வித்தியாசமான பேட்டரிகளைத் தொடரில் கட்டினால் ஒன்று மற்றதைக் கெடுத்துவிடுமாம். அது எதிர்வீட்டு இன்வெர்ட்டருக்குப் போயிற்று. சுவரில் இருந்த வொயரை மாற்றவே தேவைப்படவில்லை. இன்னொன்றும் சொன்னான். சார்ஜ் ஏற்றும் கருவிக்கு இத்தனை ஆம்பியர்தான் தாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. வோல்ட் இரண்டு மடங்கானதால் அதே ஆம்பியருக்குள் இரண்டு மடங்கு தகடுகளை இணைத்துக்கொள்ளலாம். மொட்டை மாடியில் தகடுகள் நாலாயின.

மெயினையும் சோலார் இணைப்பையும் அணைத்தோம். மிஷின் ஓடியது, ஃபேன் ஓடியது. என் கணவர் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். "இருபத்து நாலு புள்ளி ஒண்ணு." கீழிருந்து அவன், "இங்க இருபத்து நாலு புள்ளி எட்டு" என்றான். பிறகு மூவரும் ஃப்ரிட்ஜுக்காகக் காத்திருந்தோம். டுக்கென்று போட்டது. எண் ஒரு கணம் இருபத்து மூன்றுக்கு இறங்கி மீண்டும் ஏறியது. அபாய ஒலி வரவில்லை. மிஷின் சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

நான் கீழே போய் வொயரைப் பிடித்துப் பார்த்தேன். அவனும் பிடித்துப் பார்த்தான். இருவரும் அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். சுவர் எவ்வளவு சூடோ அவ்வளவுதான் இருந்தது. அன்று அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

என் கணவரின் உடம்பு அதனால் தேறிவிடவில்லை. தழும்பேறிய நுரையீரல் தேறாது. இந்த வருடம் போன வருடத்தைவிட மெதுவாகத்தான் நடக்கிறார். ஆனால் கரன்ட் போகும்போது நான் வகுப்பிலிருந்து ஓடிவருவதில்லை. அவரும் பயப்படுவதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலைக் காற்றில் மரம் சாய்ந்து எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் விழுந்துவிட்டது. மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. கரன்ட் மட்டும் வரவில்லை. எங்கள் மாடியில் ஃபேன் ஓடுவதைப் பார்த்து, தன் வீட்டு இன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டதால் எதிர்வீட்டு அம்மா தன் கைப்பேசியைச் சார்ஜ் போடக் கொண்டுவந்தார். பின்னாலேயே அவர் மருமகள் வந்தாள். பிறகு முனைவீட்டுத் தையல்காரர். மத்தியானத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றித் தரையெல்லாம் கைப்பேசிகளும் வொயர்களும். மிஷினுக்குக் குறை வந்துவிடுமோ என்று நான் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கைப்பேசி சார்ஜ் ஆக எவ்வளவு வேண்டும்? ஒன்றும் குறையவில்லை. சார்ஜ் போட்டவர்கள் போகவும் இல்லை. உட்கார்ந்து பேசினார்கள். இவரும் பேசினார். தொழிற்சாலையில் ஒரு முறை சாயம் மாறிப்போய் ஒரு லாரி சரக்கும் பச்சையாக வந்த கதையைச் சொன்னார். நடுநடுவே மூச்சுக்காக நிறுத்தினார், அவர்கள் காத்திருந்தார்கள். பகல் முழுவதும் தனியாகப் படுத்திருக்கிற மனிதருக்குள் இத்தனை பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. பேச வேண்டாம் என்று அன்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

மாலை ஆறு மணிக்குக் கரன்ட் வந்தது. தெருவில் குழந்தைகள் கூவும் சத்தம் கேட்டது. எல்லோரும் அவரவர் கைப்பேசியைத் தேடி எடுத்துக்கொண்டு, "வர்றோம்ணா", "வர்றேன் சார்" என்று இறங்கிப் போனார்கள். நான் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"கரன்ட் இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருக்கலாம்" என்றார் அவர்.